ஹவுளுக்குப் பூட்டு

பெப். 18, செவ்வாய்
இன்றும் மழை இல்லை. விடியலில் பனி, பகலில் மண்டையைப் பிளக்கும் வெயில். பள்ளிக்கூடம் விட்டு, தலவாக்கலை பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் என் பேச்சு. தலைவர் ஹாஜியார் கொடுத்த தலைப்பு: ‘இயந்திர அறிவின் காலத்தில் மனிதன்: இஸ்லாமிய மெய்யியல் பார்வை’. போஸ்டரில் என் மூக்கு கோணல். குறிப்பெடுக்க: ஆன்மா, அறிவு, அமானிதம் என்கிற ஒப்படைத்த பொறுப்பு. சீனி வாங்க மறந்துவிட்டேன்.

பெப். 20, வியாழன்
தோட்டத்து மேல் லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலி வற்றிவிட்டது. இத்தனை நாளும் அந்தச் சனங்கள் பள்ளிவாசல் குழாயில் பிடித்தார்கள். இன்று குழாய்க்குப் பூட்டு. கேட்டருகே செல்வராணி, கொழுந்து பறிக்கிறவள், வெறும் கேனோடு.

“தங்கச்சிக்குப் புள்ள பொறந்திருக்குங்க சேர். பச்ச ஒடம்புக்காரி. குடிக்கக்கூடத் தண்ணி இல்லீங்க.”

ஹாஜியாரிடம் போனேன்.

“நாளைக்கு ஜும்ஆ, ஊரே வரும். தொழுகைக்கு முந்தி ஒளு எடுக்கத் தண்ணி காணாட்டி யார் பொறுப்பு? அவங்களுக்குத் தோட்டத்து நிர்வாகம்தானே குடுக்கணும்?” பிறகு, வெட்கமே இல்லாமல்: “பேச்சு ரெடியா சேர்?”

மெஷினுக்கு ஆன்மா உண்டா என்று விசாரிக்க மைக் செட் பிடிக்கிறார்கள். கேட்டில் நிற்கிறவள் மனுசி என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. என் வீட்டிலும் சொட்டுத்தான்; ஒரு கேன் கொடுத்தனுப்பினேன். குறிப்புகள் குப்பைக்கு.

பெப். 21, வெள்ளி
ஹவுள் தொட்டியைச் சுற்றிக் கூட்டம், எல்லாரும் முகம் கை கால் கழுவி ஒளுச் செய்தபடி. நான் தண்ணீரைத் தொடவில்லை. சுவரோரப் புழுதியில் உள்ளங்கையை அடித்து முகத்தையும் கைகளையும் தடவினேன். தயம்மும். தண்ணீர் இல்லாதவன் செய்கிற சுத்தம்.

ஹாஜியார் ஓடி வந்தார். “பைத்தியமா சேர்? தண்ணி தளும்புது, தயம்மும் எப்படிக் கூடும்?”

“ஒரு உயிரு தாகத்துல தவிச்சா தண்ணி அதுக்குத்தான், நமக்கு மண்ணுதான். இது நம்ம சட்டம் ஹாஜியார்! ஆட்டுக்குட்டி தவிச்சாலும் இதே சட்டம். அங்க நிக்கிறது மனுசங்க!”

கத்திவிட்டேன். இறைச்சிக்கடைக்காரர் எழுந்து வந்து புழுதியில் கை வைத்தார். அப்புறம் ஆட்டோக்காரர்கள். சிலர் என்னை முறைத்துக்கொண்டே தண்ணீரில் செய்தார்கள். பாங்கு சொல்லும் மோதினார் ஹாஜியாரிடம் கை நீட்டிச் சாவியை வாங்கினார்.

பேச்சு ரத்து. மைக் வாடகை தண்டம். நல்லா வேணும்.

பெப். 22, சனி
குழாய் திறந்திருக்கிறது. ஹாஜியார் சலாம் சொல்லவில்லை. போகட்டும். கோபம் இன்னும் ஆறவில்லை.

செல்வராணி கேன் நிரம்பும் வரை யோசித்துவிட்டுக் கேட்டாள்: “நேத்து கேட்டுப் பக்கத்துல நின்னு பாத்தேங்க சேர். தண்ணி அம்புட்டு இருக்கயில எதுக்கு எல்லாரும் மூஞ்சியில மண்ணப் பூசுனீங்க?”

உனக்கு ஒரு கேன் தண்ணீர் கொடுக்க எங்களுக்கு ஒரு சட்டமும் அந்த மண்ணும் வேண்டியிருந்தது என்று எந்த வாயால் சொல்ல? கேனைத் தலைக்குத் தூக்கிவிட்டேன்.