சாக்ஸுக்குள் நாலரை மணி

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். எழுந்தது ஆறு மணிக்கு. எழுந்திருக்க வேண்டியது நாலரைக்கு.

அலாரம் அடித்ததாகத்தான் போன் சொல்கிறது. எனக்குக் கேட்கவில்லை. கீழ் வீட்டில் ஓனர் அம்மா தண்ணீர் மோட்டார் போட்டு, சுவர் அதிர்ந்த பிறகுதான் கண் திறந்தது. கம்பெனித் தோழி ஸ்டெல்லாவிடமிருந்து நாலு மிஸ்டு கால். பாவம், தெருமுனையில் ஸ்கூட்டரோடு அரை மணி நேரம் நின்றிருக்கிறாள். துணைக்கு மூன்று நாய்.

இந்த டைரியை என் வீட்டுக்காரர் தொட மாட்டார், சமையல் குறிப்பு என்று நினைப்பு. அதனால் தைரியமாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை எனக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ் டெஸ்ட். எட்டு போட்டுக் காட்ட வேண்டும். முதல் சுழி வருகிறது. இரண்டாவதில் காலை ஊன்றிவிடுகிறேன். எல்.எல்.ஆர். இந்த மாதத்தோடு முடிகிறது, இன்னொரு தேதி கிடைக்காது. அவருக்கு ஆவடி பேக்டரியில் இந்த வாரம் நைட் ஷிப்ட், ரயிலில் வீடு வந்து சேர ஏழே கால். பையன் கோவையில் ஹாஸ்டலில். ஆக, ஐந்திலிருந்து ஆறு வரை ஸ்டெல்லாவின் ஸ்கூட்டர், நெமிலிச்சேரி ஸ்டேஷன் பின்னால் காலி மைதானம், பார்க்க ஆளில்லை. இந்த வாரத்தை விட்டால் அவ்வளவுதான்.

ஏன் ரகசியம்? மூன்று வருடம் முன்பு அவருடைய பழைய வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று நேரே கொண்டுபோய் இளநீர்க் கடைக்குள் விட்டேன். ஒரு காய் கூட உடையவில்லை. ஆனாலும் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அன்பாகத்தான் சொல்கிறார். அன்பாகச் சொன்னாலும் எரிகிறது. லைசென்ஸ் வாங்கிவிட்டு அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

பருப்பு தீர்ந்தது. கேஸ் புக் பண்ண.

8, செவ்வாய்

இன்றும் ஆறு மணி. இன்றும் மோட்டார். போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

நேற்று செய்தவை:
— அலாரம் சத்தம் கடைசிவரை ஏற்றியது. பாட்டுக்கு வால்யூம் வேறு, அலாரத்துக்கு வேறாம். இது தெரிய எனக்கு நாற்பத்து மூன்று வயதாக வேண்டியிருந்தது.
— போன் உறையைக் கழற்றியது. அதற்குள் பையன் ஐந்தாம் வகுப்பில் எடுத்த போட்டோ. நல்ல வேளை கிடைத்தது.
— அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தது. வந்த அழுக்கை எழுத வெட்கம்.
— மணியை மாற்றியது. முதலில் குருவி, பிறகு கண்ணாடி மணி, கடைசியில் ஆம்புலன்ஸ் மாதிரி ஒன்று.
— எவர்சில்வர் சொம்புக்குள் போட்டுத் தலைமாட்டில் வைத்தது. வீடியோவில் ஒரு அம்மா சொன்னார்கள்.

பலன் ஒன்றுமில்லை. மாடிப்படியில் ஓனர் அம்மா என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. வாடகை எல்லாம் கொடுத்தாயிற்றே, என்ன கோபமோ.

ஸ்டெல்லா திட்டவில்லை. "நாளிக்கும் நீ வர்லன்னா உன் எட்டையும் நானே போட்டுகினு ஊட்டுக்குப் போய்டுவேன்" என்றாள், அவ்வளவுதான்.

9, புதன்

போனை நம்பாமல் பயத்திலேயே பாதித் தூக்கம் தூங்கி எழுந்து போய்விட்டேன். ஐந்துக்கு மைதானத்தில் நான். ஸ்டெல்லா கோலமாவால் தரையில் பெரிய எட்டு வரைந்து வைத்திருந்தாள். நடுவில் ஒரு பூ வேறு. ஒருமுறை விழுந்தேன், முழங்கையில் சிராய்ப்பு. பதினொரு தடவையில் ஒரு தடவை முழு எட்டு, கால் ஊன்றாமல். இறங்கி அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேர் மூக்கிலும் கோலமாவு.

அம்பத்தூர் கம்பெனியில் ஸ்டெல்லா பேக்கிங்கில், நான் பவர் பிரஸ்ஸில். வலது காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். டங்கென்று ஒரு சத்தம். பத்தொன்பது வருடமாக அந்த டங். டீ நேரத்தில் பிரஸ் ஆட்கள் நாங்கள் ஐந்து பேரும் போனைக் கைமாற்றிக் கைமாற்றிக் காதில் வைத்துப் பார்த்தோம். எங்களில் மூத்தவர் இந்திராக்கா, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மற்றவர்களும் அதே. ஐந்து பேரும் ஒரே முடிவு: ஸ்பீக்கர் போயிற்று.

சாயங்காலம் அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் போன் சர்வீஸ் கடை. என் வயதுப் பெண், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தாள். அலாரத்தைப் போட்டாள். கடையில் நின்ற பெரியவர் காதைப் பொத்தினார். ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. என்னடா இவர்கள் நடிக்கிறார்கள் என்று நினைத்தேன். அவள் ஒவ்வொரு மணியாகப் போட்டு, கேட்கிறதா, கேட்கிறதா என்று கேட்டாள். தபேலா மாதிரி தடதடப்பது நன்றாகக் கேட்டது. மணி, குருவி எதுவும் இல்லை. அவள் விரல் அழுத்துவது மட்டும் தெரிந்தது.

சத்தத்தை நிறுத்திவிட்டு ஸ்டூலை என் பக்கம் தள்ளிப் போட்டாள்.

"போனு நல்லாத்தான் கீதுக்கா. நீங்க இன்னா வேலை பாக்குறீங்க?"

பிரஸ் என்றேன்.

"எங்க நைனாவும் பிரஸ்தான்" என்றாள். மெதுவாக இல்லை, எனக்குக் கேட்கிற மாதிரி.

ரயிலில் ஜன்னலோரம். அழவில்லை. இந்து காலேஜ் ஸ்டேஷன் தாண்டும்போது கொஞ்சம் அழுதேன். குருவிச் சத்தம் எப்போது போனது என்றே எனக்குத் தெரியவில்லை, அதுதான். அப்புறம் பயம். காது மந்தம் என்றால் லைசென்ஸ் கொடுப்பார்களா?

வீட்டு வாசலில் ஓனர் அம்மா பிடித்துக்கொண்டார்: "இன்னாம்மா, மூணு நாளா நாலரை மணிக்கு உன் போனு அந்தக் கத்து கத்துது, நீ இன்னா காதுல பஞ்சு வச்சுகினா தூங்குற?" மன்னிப்புக் கேட்டேன். மாடி ஏறும்போது சிரிப்பு வந்துவிட்டது. நான் சொம்பு வேறு வைத்து ஊருக்கே ஒலிபரப்பியிருக்கிறேன். எழுப்பிவிடச் சொல்லி அவரிடமே கேட்கலாம். ஆனால் அவரிடம் சொன்னால் என் வீட்டுக்காரரிடம் சொன்ன மாதிரி.

10, வியாழன்

தூறல். தபேலா மணி வைத்துப் படுத்தேன். அரைகுறையாகக் காதில் விழுந்து எழுந்தபோது ஐந்து இருபது. மைதானத்துக்கு ஓடினேன். கோலம் பாதி கரைந்திருந்தது. எட்டு மூன்று தடவை வந்தது, இரண்டு தடவை சொதப்பல். நாளைக்கு நேரத்தோடு எழுந்து ஒரு மணி நேரம் போட்டால்தான் கை நிலைக்கும் என்கிறாள் ஸ்டெல்லா.

காது விஷயத்தைச் சொன்னேன். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் என்ன செய்வேன் என்று கேட்டேன். அவள் ஸ்கூட்டர் கண்ணாடியைத் தட்டிக் காட்டினாள். "இது இன்னாத்துக்கு கீது, தலை வாரவா?" பத்து எண்ணுவதற்குள் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்க்கணும் என்று பழக்கிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கூட யாரும் என்னை இப்படி விரட்டியதில்லை.

டீ நேரத்தில் பிரஸ் ஆட்களிடம் சொன்னேன், போன் சரி, நம் காதுதான் சரியில்லை என்று. பிறகு இந்திராக்கா கேட்டார்: "அப்போ நேத்து நாம அஞ்சு பேரும் காதுல வச்சு வச்சுப் பாத்தது?" அவ்வளவுதான். ஒருத்தி டீயைத் துப்பிவிட்டாள். சூப்பர்வைசர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இந்திராக்கா சூப்பர்வைசரிடம் போய், சத்தம் தடுக்கக் காதில் மாட்டுகிறது எங்கே என்று கேட்டார். அலமாரியில் உறை பிரிக்காமல் இருந்தது. நாங்களும் கேட்டதில்லை, அவரும் கொடுத்ததில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஐந்து பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டுவதாக முடிவு.

மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரே அமைதி. வேலை ஓடுமா என்று பயந்தேன். ஓடியது. அச்சு இறங்குவது, ஒரு போல்ட் லூசானது, எல்லாமே வலது பாதம் வழியாகத் தெரிந்தது. லூசான போல்ட்டைச் சொன்னதும் பிட்டர் வந்து பார்த்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார். காலால் என்றேன்.

அப்போதுதான் பொறி தட்டியது. நான் தினமும் எழுவது மோட்டார் சத்தத்துக்கு இல்லை. சுவர் அதிர்வதற்கு.

சாயங்காலம் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பியதும் அவருடைய கறுப்பு சாக்ஸ் ஒன்றை எடுத்தேன். சத்தம் அணைத்து, அதிர்வு மட்டும் வைத்து, போனை உள்ளே போட்டு வலது காலில் மாட்டியாயிற்று. யாராவது பார்த்தால் கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிப் போவார்கள்.

11, வெள்ளி

நாலரை. சரியாக நாலரை. கால் தானாகப் பெடல் மிதித்துக்கொண்டிருந்தது. மிதித்த மிதியில் சொம்பு உருண்டு சுவரில் மோதியது. எழுந்து உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். ஓனர் அம்மா நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

ஒரு மணி நேரம் முழுசாக எட்டு. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கம்பெனிக்கு லீவு. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, வழக்கம்போல டப்பா கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஸ்டெல்லா என்னையும் ஸ்கூட்டரையும் டெஸ்ட் இடத்தில் விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனாள். டெஸ்ட்டில் எனக்கு முன்னால் ஏழு பேர், எல்லாம் என் பையன் வயது. அதிகாரியிடம் நானே சொன்னேன், காது கொஞ்சம் மந்தம் சார் என்று. மறைத்து வாங்க மனசு வரவில்லை. என் பின்னால் போய் நின்று பேசிப் பார்த்தார். பதில் சொன்னேன். பிறகு எட்டைக் காட்டினார். முதல் சுழி. கண்ணாடி. இரண்டாவது சுழி. கால் இறங்கவில்லை. இறங்கவே இல்லை. "கண்ணாடிய பாத்து ஓட்றீங்க, அப்படியே ஓட்டுங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

ஸ்டெல்லாவுக்குப் போன் பண்ணினேன். அவள் கத்தியது முழுசாகக் கேட்டது.

சாயங்காலம் அவர் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது ஒரு சாக்ஸைத் தேடினார். எனக்குத் தெரியாது என்றேன். ஒரு காலில் கறுப்பு, ஒரு காலில் நீலம். ஷூ போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். லைசென்ஸைச் சொல்லவில்லை. காதைச் சொன்னேன், நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போவதையும் சொன்னேன். லேஸ் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு வருஷமா நான் சத்தமாத்தான் பேசுறேன். நீ வருத்தப்படுவியேன்னு சொல்லல."

எனக்கோ அவருக்கு வயதாகிக் கோபம் கூடிவிட்டது என்று நினைப்பு. நாளைக்கு அவரும் கூட வருகிறாராம். வாசலில் நின்று, ரயிலைப் பிடிக்க அவர் ஓடுவதைப் பார்த்தேன். இந்த மனுஷனை நன்றாக அசத்த வேண்டும்.

அவர் தேடிய சாக்ஸ் இன்னும் ஓர் இரவு என்னிடம்.

12, சனி

வானம் சுத்தம். நாலரைக்குக் கால் எழுப்பியது. குளித்து, நல்ல புடவை, பூ. ஸ்டெல்லா சாவியைக் கையில் வைத்து ஹெல்மெட் இரண்டு கொடுத்தாள். நெமிலிச்சேரியிலிருந்து ஆவடி பேக்டரி கேட் வரை நான், தனியாக. லாரி இரண்டு, பஸ் நாலு, எல்லாம் கண்ணாடியில் பார்த்தேன்.

ஆறரைக்கு ஷிப்ட் விட்டுக் கும்பலாக வந்தார்கள். அவர் தலையைக் குனிந்து, டப்பாப் பையோடு, ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே மெதுவாகப் போய் ஹாரன் அடித்தேன். எனக்கு லேசாகத்தான் கேட்டது. அவர் துள்ளி விழுந்தார்.

என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், ஓட்டி வந்தவர் யார் என்று எனக்குப் பின்னால் தேடினார். போனை எடுத்து, பாஸ் என்று வந்த மெசேஜைக் காட்டினேன். மூன்று வருடம் காத்திருந்த முகம். நினைத்ததைவிட நன்றாக இருந்தது. கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். ஹெல்மெட்டை நீட்டி, ஏறுங்க என்றேன்.

வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். பாதி கேட்கவில்லை. தோளில் இருந்த கை மட்டும் முதலில் இறுக்கமாக, போகப் போகத் தளர்வாக.

இளநீர்க் கடையில் நிறுத்தினேன். அதே கடை. முன்னால் நிறுத்தினேன், உள்ளே இல்லை.