பொடியில் இருந்த உப்பு

12.7.2004, திங்கள்

பக்கத்துத் தெரு மாமி புதிதாகத் தொடங்கியிருக்கும் சமையல் பாக்கெட்டை இன்றைக்கு முதல் தடவையாக வாங்கினோம். நறுக்கிய காய், புளிக்கரைசல், பொடி எல்லாம் இரண்டு பேருக்கு அளந்து காலை ஆறு மணிக்கே வாசலுக்கு வந்துவிடுகிறது. "நீ ஓரிக்கை ஸ்கூலுக்கு ஓடணும், நான் பேங்க்குக்கு ஓடணும். வாங்கித்தான் பாப்போமே" என்றது இவர்தான்.

அரை மணியில் குழம்பு ஆகிவிட்டது. பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணுவதற்கு முன்னால் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அதற்கப்புறம் நேரமில்லை. இரண்டு டப்பாவிலும் போட்டு மூடிவிட்டேன்.

மத்தியானம் ஸ்டாஃப் ரூமில்தான் முதல் வாய் வைத்தேன். ஒரே உப்பு. மாமி பொடியிலேயே உப்பைக் கலந்திருக்கிறாள். நானும் கைப்பழக்கத்தில் கல்லுப்பை அள்ளிப் போட்டிருக்கிறேன். பெருமாளை நினைத்தால் வெட்கமாக இருந்தது. அவராவது பொறுத்துக்கொள்வார்.

சாயங்காலம் இவர் டப்பாவைக் காலியாகக் கொண்டுவந்தார்.

"குழம்பு எப்படி இருந்தது?"

"நன்னா இருந்துதே. நாளைக்கும் சொல்லிடு."

முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. சாப்பிட்டாரா, கொட்டினாரா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்.

உப்பு போகட்டும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக, தினமும் இதே குரலில்தான் "நன்னா இருந்தது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.