கிரேடியின் இடது பக்கம்

அக்டோபர் 14, செவ்வாய்

எங்கள் ஐஸ் ஹாக்கி அணிக்குக் காலைப் பயிற்சி. காகித ஆலைப் பக்கமிருந்து காற்று. பனி அரங்கம் முழுக்க வெந்த முட்டைக்கோஸ் வாடை. பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே ஆடினார்கள்.

எங்கள் கீழ்ப்படி அணியில் தேறி வரட்டும் என்று மேலிடத்து அணி இந்த வருடம் என்னிடம் அனுப்பிவைத்திருக்கும் பையன்களில் கிரேடி தோம்சாக்தான் பெரிய ஆள். இருபத்தொரு வயது, தடுப்பாட்டக்காரன், வாசல் நிலையைக் குனிந்துதான் தாண்டுகிறான். பக், அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, அவன் மட்டைக்கு வந்துவிட்டால் எனக்குக் கவலையே இல்லை. ஆனால் எதிராளி அவனுடைய இடது பக்கமாகப் புகுந்தால் கதை முடிந்தது. பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டிருப்பவன் சட்டென்று திரும்பி அவனைத் துரத்த வேண்டும் அல்லவா? இவன் மரம் ஏற்றிய லாரி சந்துக்குள் திரும்புகிற மாதிரி திரும்புகிறான். இவன் திரும்பி முடிக்கும்போது அந்தப் பக்கம் கோல் விழுந்து, கட்டிப்பிடித்துக் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹார்டிங் போன் செய்தார். மேலிடத்தில் இளம் ஆட்டக்காரர்களின் வளர்ச்சி அவர் பொறுப்பு. "ஜனவரிக்குள்ள அந்த இடது பக்கத்தச் சரிபண்ணு லெய்ஃப். இல்லன்னா அவன விட்டுடுவோம்" என்றார். மளிகைக் கடையில் அழுகின தக்காளியை ஒதுக்கிவைக்கிற குரல்.

எப்படிச் சரிபண்ணுவது? நான் ஆடின காலத்தில் நானும் ஒரு லாரிதான்.

அக்டோபர் 23, வியாழன்

கூம்புகளை வரிசையாக நிறுத்தி, அவற்றைச் சுற்றித் திரும்பச் சொன்னேன். திரும்பவில்லை. கூம்புகள்தான் உடைந்தன.

நவம்பர் 3, திங்கள்

இன்று வழக்கத்துக்கு முன்பே அரங்கத்துக்குப் போய்விட்டேன். எங்களுக்கு முந்தைய மணி நேரம் மார்னி கோஸ்லோவுடையது. சின்னப் பிள்ளைகளுக்கு நடனச் சறுக்கு சொல்லிக்கொடுக்கிறாள். பகலில் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. இத்தனை வருடமாக "குட் மார்னிங்" தவிர நாங்கள் பேசிக்கொண்டதில்லை. "உங்க ஆளுங்க வந்து என் தளத்தைக் கொத்திப் போட்டுடறாங்க" என்று மட்டும் ஒருமுறை சண்டைக்கு வந்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் காப்பியோடு நின்றேன். பைப்பர் என்று ஒரு பெண், ஏழு வயது இருக்கும், முன்பல் இல்லை. பின்பக்கமாக வேகமாக வந்து, இடுப்பை லேசாக ஒடித்து, இடது பக்கம் திரும்பி முன்னால் பாய்ந்தாள். காப்பி சட்டையில் கொட்டிவிட்டது. அதேதான்! கிரேடிக்கு வராத அதே திருப்பம்.

வகுப்பு முடிந்ததும் மார்னியிடம் போனேன்.

"என் பையன் ஒருத்தனுக்குச் சொல்லிக்குடுப்பீங்களா?"

"எத்தன வயசு?"

"இருபத்தொண்ணு."

"எடை?"

சொன்னேன். பனித்தளத்தை ஒரு பார்வை பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல ஆறரை. ஒரு நிமிஷம் லேட்டானாலும் கதவு திறக்காது. மட்டை கொண்டுவரக் கூடாது."

நவம்பர் 4, செவ்வாய்

"கோச், பாவாடை கட்டின குட்டிங்களோடயா? என்ன விளையாடறீங்களா?" — இது கிரேடி. போ என்றேன். போனான், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு. மட்டை இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை பாவம்.

எண்ணவே முடியாத அளவுக்கு விழுந்தான். பைப்பர் பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"நீ முட்டிய மடக்கல. அதான் விழற."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் விழற?"

மறுபடி விழுந்தான். எனக்குச் சிரிப்பை அடக்கத் தனியாகப் பயிற்சி வேண்டும்.

மார்னி அவன் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி, பின்னாலிருந்து மாட்டை ஓட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். "நீ தோள்ல திரும்பற. தோளு அங்க போயிடுது, காலு இங்கயே நிக்குது. இடுப்பு முதல்ல போகட்டும்."

நவம்பர் 22, சனி

தோற்றோம். அதுகூடப் பரவாயில்லை.

கிரேடி நடன வகுப்புக்குப் போவதை எவனோ ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறான். எதிரணி ரசிகர்கள் பேருந்து வைத்து வந்திருந்தார்கள். இரண்டாம் கட்டத்தில் கிரேடி தலைக்கு நேராக ஒரு ரோஸ் பாவாடை வந்து விழுந்தது. ஜிகினா வைத்தது. அரங்கமே சிரித்தது. நம்ம ஆளுங்களும்தான், அதைச் சொல்லணும். கிரேடிக்குக் காதுவரை சிவந்துவிட்டது. அடுத்து வந்தவனைத் தேவையில்லாமல் இடித்துத் தள்ளிவிட்டுத் தண்டனைப் பெட்டியில் போய் உட்கார்ந்தான். ஓராள் குறைவாக ஆடின அந்த ஐந்து நிமிடத்தில் எதிரணி இரண்டு கோல் போட்டது.

உடைமாற்றும் அறையில் சறுக்குக் காலணியைச் சுவரில் எறிந்தான். "இனிமே வரமாட்டேன் கோச். விட்டுட்டா விட்டுட்டுப் போகட்டும். எங்கப்பா ஆலையில வேலை இருக்கு."

என்ன சொல்றது நான்? போடான்னு சொல்லவா? கெஞ்சவா? எனக்கு ஒண்ணும் வரல. வாயில்லாத கோச் எதுக்கு?

நவம்பர் 24, திங்கள்

இதை எழுதாமல் தூங்க முடியாது.

கிரேடி காலை ஆறரைக்கு வந்தான். வகுப்புக்கு இல்லை, தன் பையை எடுத்துக்கொண்டு போக. தளத்தில் ஏற்கெனவே ஒருவன் நின்றுகொண்டிருந்தான். லூக் பெல்ரோஸ், எங்கள் கேப்டன். முப்பத்திரண்டு வயது, கியூபெக்காரன், மூக்கு மூன்று திசையில் உடைந்தவன், இந்த லீக்கில் அவன் அடிக்காத ஆள் கிடையாது. கால்சட்டைக்கு மேலே அந்த ரோஸ் பாவாடை. இடுப்புக்குப் பற்றாமல் முன்னால் ஊக்கு குத்தியிருந்தான்.

"எப்படி இருக்கு?" என்று பைப்பரிடம் கேட்டான்.

"உனக்குச் சின்னது" என்றாள் அவள்.

"என்னடா பாக்கற?" என்று கிரேடியைப் பார்த்துக் கத்தினான் லூக். "பத்து வருஷத்துக்கு முன்னால என்னை இங்க எவனாவது கூட்டிட்டு வந்திருந்தா, நான் இப்ப மேல ஆடிக்கிட்டு இருப்பேன். வாடா, வந்து விழு!"

கிரேடி சிரித்துவிட்டான். பையைக் கீழே போட்டான்.

லூக்கை நான் அனுப்பவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதிவைக்கிறேன், நாளைக்கு என் சாமர்த்தியம் என்று எனக்கே தோன்றிவிடக் கூடாது.

டிசம்பர் 10, புதன்

ஆறரை வகுப்பில் இப்போது எங்கள் ஆட்கள் ஒன்பது பேர். கோல்கீப்பர்கூட வருகிறான். மார்னி எல்லாரையும் "கண்ணுங்களா" என்று கூப்பிட்டுக் கழுத்தை அறுக்கிறாள். நானும் இறங்கிப் பார்த்தேன். வீட்டில் என் மனைவி பெத் வெந்நீர்ப் பையை என் முதுகுக்கு அடியில் வைத்துவிட்டு, வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

ஒரு விஷயம். எல்லாரும் ஆட்டத்துக்கு நடுவே தங்கள் கால்களைப் பற்றி யோசிக்கிறார்கள். நான்கு ஆட்டம் வரிசையாகத் தோல்வி. அணி முதலாளி கைகுலுக்குவதை நிறுத்திவிட்டார், தலையை மட்டும் ஆட்டுகிறார்.

ஜனவரி 17, சனி

நடந்துவிட்டது!

கடைசிக் கட்டம், சமநிலை. எதிரணியின் குட்டையான வேகக்காரன் — ஊரெல்லாம் அறிந்த இடது பக்கம்தானே — நேராகக் கிரேடியின் இடது பக்கத்துக்கே வந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நிஜமாகவே மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டுத் திறந்தால், கிரேடி அவனுக்கு முன்னால் நிற்கிறான்! பக் இவன் மட்டையில். அந்தக் குட்டையன் வழி தவறினவன் மாதிரி திருதிருவென்று முழிக்கிறான். அங்கிருந்து லூக்குக்கு, லூக் கோலுக்கு.

மேல்வரிசையில் மார்னி இருக்கையில் ஏறி நின்று, இரண்டு கையாலும் இடுப்பைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஹார்டிங்கும் வந்திருந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியே போனார்.

ஜனவரி 20, செவ்வாய்

கிரேடியை எங்களுக்கு ஒரு படி மேலே இருக்கும் அணிக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இதுதான் என் பிழைப்பு: ஒருவனைத் தேற்றினால் அவன் போய்விடுவான். பேருந்தில் ஏறும்முன் மார்னியின் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிவிட்டுப் போனானாம். பல்லைக் காட்டச் சொன்னாளாம். துலக்குவதே இல்லை என்று திட்டு.

பிப்ரவரி 9, திங்கள்

ஹார்டிங் போன். "பையன் பிரமாதம். அந்த இடது பக்கத்த யார்யா சரிபண்ணினது? நீயா?"

மேல் படியில் துணைக் கோச் வேலை காலியாக இருக்கிறது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

"நாங்க சரிபண்ணினோம்" என்றேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நாங்களாம்! யாருடா நாங்க? வெந்நீர்ப் பை வச்சுப் படுத்துக் கிடந்தவனா?

மத்தியானம் நானே அவருக்குப் போன் போட்டேன். மார்னி கோஸ்லோ, எழுத்துக்கூட்டிச் சொன்னேன். நடனச் சறுக்கு டீச்சர் என்றேன். மறுமுனையில் பேனாவைத் தேடுகிற சத்தம். பிறகு, "அவங்க நம்பர் குடு."

இரவு வறுத்த மீன் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

கோப்பைக்கான ஆட்டங்களில் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். ஏழு ஆட்டச் சுற்றை ஏழாவதுவரை இழுத்தோம். முதலாளி கை கொடுத்தார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

துணைக் கோச் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. கிரேடியை இரண்டு வருடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இதெல்லாம் ஓரளவு எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது: மேலிடத்து அணி மொத்தத்துக்கும் சறுக்குப் பயிற்சியாளராக மார்னியைக் கூப்பிடுகிறார்கள்!

அவள் அரங்க வாசலில் பிடித்துக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருப்பாள் என்று பார்த்தால், கோபமாக இருந்தாள்.

"நான் போனா என் நேரத்த பொழுதுபோக்குக்கு ஆடற அந்தப் பெரியவங்க லீக்குக்குக் குடுத்துடுவாங்க. புது டீச்சர் அக்டோபர்லதான் வருவா. அதுவர என் புள்ளைங்க எங்க போகும்? நான் போகல."

"நான் எடுக்கறேன்" என்றேன். என் வாய்தான் சொன்னது, நான் இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிஜமாவா லெய்ஃப்?" என்றாள்.

ஆகஸ்ட் 12, புதன்

இன்று வகுப்பில் பதினோரு பேர். கிரேடி தன் அணியின் பயிற்சி முகாமுக்குப் புறப்படும்முன் இந்த வாரம் முழுக்க வந்து உதவுகிறான். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லாத ரகசியமெல்லாம் பிள்ளைகள் அவனிடம் சொல்கின்றன. மார்னியிடமிருந்து செய்தி: அங்கே பெரிய நட்சத்திரம் ஒருவர் முதல் நாளே மல்லாக்க விழுந்து, அவளை அல்ல, பனியைத் திட்டினாராம்.

டெஸ் என்று ஒரு ஐந்து வயதுப் பெண். சேர்ந்த நாளிலிருந்து ஓரத்துப் பலகையை விடவே மாட்டாள். நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், மிட்டாய்கூடக் காட்டினேன். இன்று யாரும் ஒன்றும் சொல்லாதபோது, கையை எடுத்தாள். எடுத்துவிட்டு வந்தாள் — தனியாக, நடுத்தளத்துக்கு, வாயைப் பிளந்துகொண்டு.

எந்தக் கோலுக்கும் நான் அப்படிக் கத்தினதில்லை.

பைப்பர் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கத்தாதீங்க கோச். பயந்துடுவா."

வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். டெஸ் இன்னும் வந்துகொண்டிருந்தாள்.