செல்லாமல் போன அடி

குமாமோத்தோ,
2008 ஆகஸ்ட் 9

அன்புள்ள கினுயோவுக்கு,

உன் நலம் கேட்க இன்று மனம் வரவில்லை. கெண்டோ போட்டி முடிந்து வந்த நாளிலிருந்து என் பெண் மிஹாரு கவசப் பையைத் திறக்கவே இல்லை. மூங்கில் வாளை இனித் தொடவே மாட்டாளாம்.

கூடுதல் நேரத்தில் அவள் தலையில் போட்ட அடிக்கு நடுவர்கள் மூவரின் கொடியும் உயர்ந்தன. சந்தோஷத்தில் ஒரு கணம் முஷ்டியை மடக்கினாள், அவ்வளவுதான். தலைமை நடுவர் நீ. அதற்காக மற்ற இருவரையும் கூப்பிட்டுப் பேசி அடியை ரத்து செய்தாய். அடுத்த நிமிடமே எதிராளி அவள் மணிக்கட்டில் அடித்து ஜெயித்துவிட்டாள். பதினெட்டு வயதுப் பெண்ணடி அவள்! எங்கள் ஜூடோவில் ஜெயித்தவர்கள் துள்ளுகிறார்கள், அழுகிறார்கள். யாரும் வெற்றியைப் பிடுங்கிக்கொள்வதில்லை.

'நான் தவறிவிட்டேன்' என்று ஒரே ஒரு வரி எழுது. அதைக் காட்டினால் மறுபடி வாளை எடுப்பாள். முப்பது வருஷச் சிநேகிதத்துக்கு இதுகூடச் செய்யமாட்டாயா?

உன்
தோமோகோ

மித்தோ,
ஆகஸ்ட் 16

அன்பு தோமோகோ,

அந்த வரியை என்னால் எழுத முடியாது. முஷ்டியை நான் பார்த்தேன். மற்ற இருவரும் கவனிக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் ஜெயித்திருப்பாள். ஆனால் அடித்த பிறகும் எதிரில் நிற்பவளை மறக்காமல் இருந்தால்தான் அது அடி. உனக்குத் தெரியாததா? ஆளைத் தூக்கிப் போட்ட பிறகும் சட்டைக் கையை விடாதே, விட்டால் அவள் தலை தரையில் மோதும் என்று உன் மாணவிகளிடம் நீ கத்துவதைக் காது புளிக்கக் கேட்டவள் நான். வாளோ வெறுங்கையோ, பாடம் ஒன்றுதானே? கோபித்துக்கொள்ளாதே.

கினுயோ

குமாமோத்தோ,
ஆகஸ்ட் 22

கினுயோ,

எனக்கே பாடமா? சரி, கேள். என் மகளைக் கீழே போட்டுவிட்டுச் சட்டைக் கையை விட்டவள் நீதான். கூடத்து வாசலில் ஒரு மணி நேரம் உனக்காக நின்றாள். "சித்தி என்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டுத்தாம்மா போவாங்க" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். நீ பின்வாசல் வழியாகப் போய் ரயிலேறிவிட்டாய்.

தோமோகோ

மித்தோ,
ஆகஸ்ட் 30

தோமோகோ,

அவள் நின்றதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பின்வாசலுக்குப் போனேன்.

கொடியை இறக்கியதும் மூத்த நடுவர் ஒருவர் எனக்குத் தலை வணங்கினார். சிநேகிதி மகள் என்றுகூடப் பார்க்காத கினுயோ! எனக்கே என்னை நினைத்துப் பெருமை பிடிபடவில்லை. உள்ளுக்குள் நானும் முஷ்டியை மடக்கினேனடி. அதை ரத்து செய்ய யாரிடமும் கொடி இல்லை. அந்தப் பெருமையோடு அவள் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது.

தீர்ப்பு சரிதான். சொன்னவள்தான் சரியில்லை. இதை மிஹாருவிடம் காட்டு.

கினுயோ

குமாமோத்தோ,
செப்டம்பர் 7

கினுயோ,

காட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

"அந்த அடி செல்லும்னு சித்தி எழுதலியே?"

"எழுதல."

"நல்லவேளை. எழுதியிருந்தா இதையும் நம்பியிருக்க மாட்டேன்."

இன்று காலை கவசத்தை எடுத்து வெயிலில் காயவைத்தாள். நாளையிலிருந்து பயிற்சிக்குப் போகிறாள். உனக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிறாள். அதை என்னைப் பார்க்க விடவில்லை.

அவளுக்கு ஆறிவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை. இந்தப் புத்தாண்டுக்கு நீ வர வேண்டாம்.

தோமோகோ