எல்லாருக்கும் உன் முகம்

அக்கா,

குழந்தைத் துணிகளுக்கு இடம் ஒதுக்கலாம் என்று அம்மா வீட்டு பீரோவின் அடித்தட்டைக் காலி செய்தபோது உன் நைட்டி ஒன்று கையில் வந்தது. துவைத்து மடித்ததுதான். ஆனாலும் அந்தக் களிம்பின் தார் வாசனை போகவில்லை. முகத்தருகே கொண்டுபோனவள் சட்டென்று கீழே வைத்துவிட்டேன். நீ பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது.

உன் முதுகில் நான் தடவிவிட்ட களிம்பு அது. வெறும் சொறி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். "வேர்வைக்கு வந்திருக்கும், தானா போயிடும்" என்றாய். போகவில்லை. பிறகு கழுத்தில் நெறி கட்டியது. விழுப்புரத்திலிருந்து உன்னைப் பார்க்க நான் கிளம்பி வந்த மதியம், திண்டிவனத்தில் நீ வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேறு யாரும் இல்லை. மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலேயே என்னைக் கூப்பிட்டாய்.

"இங்க வந்து பாரேன்."

கண்ணை வைத்துப் பார்த்தேன். ஊதா நிறத்தில் ஒரு செல். அதன் நடுப்பகுதி இதழ் இதழாகப் பிரிந்து கிடந்தது.

"பூ மாரி அழகா இருக்குதுக்கா."

"என் ரத்தம் அது. இப்பிடி இருக்கக் கூடாது."

குரலில் பயமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். உனக்கு வந்திருப்பது ஒரு வைரஸ் கொண்டுவரும் ரத்தப் புற்றுநோயாம். அந்த வைரஸ் ரத்தச் செல்லுக்குள் புகுந்து, அதன் மரபணுவிலேயே தன்னை எழுதி வைத்துக்கொள்ளுமாம். அது செய்கிற ஒரு புரதம், 'பெருகு, சாகாதே' என்று செல்லை விரட்டிக்கொண்டே இருக்கும். உடம்பின் காவல் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு அந்தச் செல்களைக் கொல்லும். கொல்லக் கொல்ல, அந்தப் புரதத்தை வெளியே காட்டாமல் அடங்கிக் கிடப்பவை மட்டும் தப்பும். இப்படியே எத்தனையோ வருடம் போகும். அதற்குள் அவை மாறி மாறி, யாரும் விரட்டாமலேயே பெருகப் பழகியிருக்கும். வைரஸ் எழுதிவைத்ததையே எதிர்த்திசையில் படித்து உண்டாகும் இன்னொரு புரதம் மட்டும் கடைசிவரை கூடவே இருந்து அவற்றை வளர்க்கும்.

"எனக்கு எங்கேருந்து வந்திச்சு டாக்டர்?" என்று கேட்டாய்.

"பெரும்பாலும் தாய்ப்பால்லம்மா. ரொம்ப காலம் குடிச்சா வாய்ப்பு ஜாஸ்தி. இது இருக்கிறவங்கள்ல நிறைய பேருக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணும் ஆகுறதில்ல. உங்க அம்மாவுக்கும் இருக்கலாம். அவங்களுக்கே தெரியாது."

நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நம் ஊர் ஓமந்தூரில் எந்த விசேஷத்திலும் அம்மா சொல்லிச் சொல்லிப் பூரிக்கிற பேச்சு இருவர் காதிலும் கேட்டிருக்க வேண்டும். "எம் பொண்ணுங்க ரெண்டும் ஸ்கூலு போற வரைக்கும் எங்கிட்டதான் குடிச்சுதுங்க!"

நான் அப்போது கர்ப்பமாக இருந்தேன். எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் இருந்தது. இப்போதைக்கு அமைதியாகக் கிடக்கிறது என்றார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாய். "குழந்தைக்குக் குடுக்காத. அம்மாகிட்ட சொல்லாத."

"ஏன் குடுக்கலன்னு கேட்டா?"

"திட்டும். வாங்கிக்கோ. ஆசையா குடுத்த பாலுடி. தெரிஞ்சா அது உசுரோட இருக்காது."

அதன்பிறகு உனக்கு அடங்காத தாகம். ரத்தத்தில் கால்சியம் ஏறிவிட்டது, பேச்சு தடுமாறும் என்று எச்சரித்திருந்தார்கள். கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்குகிற வேலையைப் போட்டுவிட்டு அம்மா உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு பிற்பகல், நல்ல வெளிச்சத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாய்.

"உள்ள கும்பலா உக்காந்துக்கினு இருக்காங்க."

"யாருக்கா?"

"தெரியல. எல்லாருக்கும் என் மூஞ்சி."

காத்து கருப்பு என்று அம்மா நடுங்கிப்போய் மயிலம் கோயில் திருநீற்றை உன் நெற்றியில் அப்பியது. பேசவைப்பது கால்சியம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீ சொன்னது பிதற்றல் இல்லை. உன்னுடைய ஒரே செல்லிலிருந்து கிளைத்தவைதான் அத்தனையும். அந்த வாரமே நீ போய்விட்டாய்.

எனக்குப் பெண் பிறந்தாள், அக்கா. பால் வற்ற மாத்திரை கொடுத்தார்கள். முழுக்க வற்றவில்லை. என் வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். அம்மாவிடம் மட்டும், ஊறவே இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறோம். அது ஓயுமா? பால் ஊறுமென்று மரக்காணத்திலிருந்து பால்சுறா மீன் வரவழைத்து, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு செய்து, தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டது.

"சாப்புடு. உங்களுக்கு ஊறின பாலுக்கு ஊரையே வளத்திருக்கலாம். உனக்கு மட்டும் எங்கடி போச்சு? பெத்த புள்ளைக்கு டப்பா பாலக் குடுத்துக்கினு, வெக்கமா இல்ல?"

ஒரு துணுக்குகூட மீதி வைக்காமல் சாப்பிட்டேன். புட்டு ருசியாகத்தான் இருந்தது. அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனதும் குளியலறைக் கதவைத் தாழிட்டு, மார்பைப் பிழிந்து, வெள்ளை போகிற வரைக்கும் தண்ணீர் ஊற்றினேன்.

எனக்குள் அது இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. நீ சொன்னபடி அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அதுவும் இந்த ரகசியமும் என்னோடு நிற்கட்டும்.