அரை லோடா, முழு லோடா

ஆகஸ்ட் 6, ஞாயிறு

காலையிலிருந்து நூல் மழை. துவைத்த துணி மூன்றாவது நாளாக அடுப்புக்கு மேலே தொங்குகிறது. தொங்கட்டும். இந்த மாதம் முடிவதற்குள் ஒரு மணி நேரத்தில் துணி காய்கிற ஊரில் இருப்போம்! வடகரப்பதி. பேரைச் சொல்லிப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது. வடகரப்பதி, பாலக்காடு ஜில்லா.

ஆர்டர் வந்து ஒரு வாரம். அரசுப் பள்ளியில் ஆயா வேலை. பரீட்சை எழுதி, பட்டியலில் பேர் வந்து, பட்டியலே காலாவதி ஆகிவிடுமோ என்று மூன்று வருடம் தபாலைப் பார்த்துக் காத்திருந்தேன். 21 திங்கள் போய்ச் சேர வேண்டும். ஏலக்காய் ஸ்டோரில் குனிந்து உட்கார்ந்து காய் பிரித்ததெல்லாம் போதும்.

லாரி பேசியாச்சு. எரு லாரி. பொள்ளாச்சிப் பக்கத்துக் கோழிப்பண்ணைகளிலிருந்து இங்கே ஏலத்தோட்டத்துக்கு எரு ஏற்றி வந்து, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். ரிட்டன் என்பதால் வாடகை பாதிதான். இங்கிருந்து கீழே குடிபோன எல்லாரும் அப்படித்தான் போனார்கள். நாற்றம்? கழுவித் தருவாராம். டிரைவர் பேர் சரவணன், கோயமுத்தூர்ப் பேச்சு.

"ஏனுங்க்கா, அரை லோடுங்களா, முழு லோடுங்களா? அரைன்னா மிச்ச எடத்துல நான் வாழத்தார் ஏத்திக்குவனுங்க. முன்னாடியே சொல்லிப்போடுங்."

அரை 7000. முழு 12000. அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எனக்கே தெரிந்தால்தானே சொல்ல?

அரை லோடு என்றால் நானும் மகள் தாரணியும். முழு லோடு என்றால் இவரும்.

இவர் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறார், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. இந்த லயத்து வீடும் இவர் பேரில். வேலையை விட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். விடாவிட்டால் ஒரு கட்டில், ஒரு அடுப்போடு இவர் இங்கேயே இருப்பார். "மாசம் ஒருக்கா வந்துட்டுப் போறேன்" என்று போன வாரம் வாயை விட்டார். மாசம் ஒருக்கா! சீட்டுப் பணம் வாங்க வருகிற ஆளா இவர்?

ஆகஸ்ட் 7, திங்கள்

மழை நின்றது. ஸ்டோரில் எல்லாருக்கும் பருப்பு வடை, என் செலவு.

தேதி குறித்துவிட்டேன். சமையல்கட்டில் தொங்குகிற மலையாளக் காலண்டரில் பார்த்தால் 17 வியாழன், சிங்கம் மாதம் 1. கர்க்கிடகம் முடிந்தது, அதாவது ஆடியும் முடிந்தது. சரவணன் மலைக்கு ஏறி வருவது புதன்கிழமை, இறங்குவது வியாழன். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? அவரிடமும், அங்கே வீடு தருகிற ஓனர் ஐயாவிடமும் 17 என்று போன் பண்ணிச் சொல்லியாச்சு.

சாயங்காலம் இவர் ஜீப் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். என் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துச் சொன்னார்: "ஆடியில எதுவும் வேணாம். ஆவணி ஒண்ணு காலையில ராசினாமா லெட்டர் குடுத்துர்றேன்."

சொல்லிவிட்டார்! டயரிடம் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். ஆவணி 1, சிங்கம் 1, லாரி, எல்லாம் ஒரே நாள். ராத்திரிச் சோற்றுக்கு முட்டை வறுத்தேன்.

ஆகஸ்ட் 9, புதன்

கணக்கு.

லாரி - ?
வீட்டு அட்வான்ஸ் - 15000 (கொடுத்தாச்சு)
கயிறு, சாக்கு, அட்டைப்பெட்டி - கடையில் சும்மா கேட்டால் தருவார்கள்
பிளீச்சிங் பவுடர் - 2 பாக்கெட் (லாரிக்கு!!)
தாரணிக்கு புது ஸ்கூல் யூனிபாரம் - அவள் உயரத்துக்குத் துணி கூட வேண்டும்
பால் காய்ச்ச - பால், சர்க்கரை, புதுப் பானை
ஃபேன் 2 - 5000

ஃபேன்! எங்கள் வீட்டில் இதுவரை ஃபேன் இருந்ததே இல்லை. மாட்ட மேலே கொக்கிகூட இல்லை. ஆனால் கம்பளி ஆறு இருக்கிறது. அங்கே கம்பளியை வைத்து என்ன செய்ய? தாரணி சொல்கிறாள், ஆறையும் விற்று இன்னொரு ஃபேன் வாங்கலாமாம். யார் வாங்குவார்கள்? இங்கே எல்லார் வீட்டிலும் கம்பளிதான்.

பாத்திரம் பாதி கட்டியாச்சு. ஸ்டோரில் மூட்டை கட்டுகிற சணல்தான், நல்ல முடிச்சு விழுகிறது.

சாப்பிடும்போது இவர்: "அங்கிட்டு ரோட்டுல ஒரு வளைவு கெடையாது. நேரா, நேரா, நேரா. அத எவன் ஓட்டுவான்? தூக்கம் வந்துரும்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. கிண்டல் இல்லை, பயம். இந்த மலையில் ஒவ்வொரு வளைவும் இவருக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். கீழே போனால் இவரை யாருக்குத் தெரியும்? எனக்கு அது புரிகிறது. ஆனாலும் கோபம் வருகிறது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

வெயில். எல்லாம் நாசம்.

ஓனர் ஐயா போன் பண்ணினார். பெரியவர், விவசாயம், மரியாதையான ஆள். "ஏனுங்கம்மா, பதினேழாம் தேதின்னு சொன்னீங்கள்ல? காலண்டர் பாத்தனுங்க. அன்னிக்கு ஆடி முப்பத்திரெண்டுங்க. ஆடியில குடி வரலாமுங்களா?"

நான் சிரித்தேன். ஆடிக்கு ஏது முப்பத்திரண்டு? அன்றைக்கு சிங்கம் ஒன்று ஐயா என்றேன். "சிங்கம் மலையாளத்துக்குங்க. நம்ம கணக்குல ஆவணி மக்யா நாள், வெள்ளிக்கெழமதானுங்க பொறக்குது. இந்த வருசம் ஒரு நாள் முன்னப்பின்ன வருதுங்க."

போனை வைத்துவிட்டு ஹாலுக்கு ஓடினேன். அங்கே தொங்குவது போடி நகைக்கடை கொடுத்த தமிழ்த் தினக் காலண்டர். அதைத் தொடுகிற உரிமை இவருக்கு மட்டும். காலையில் குளித்துவிட்டு வந்துதான் தாள் கிழிப்பார். ஒரு நாள் முன்கூட்டிக் கிழிக்க மாட்டார், கிழிக்க விடவும் மாட்டார். அடித் தாள்களைத் தூக்கிப் பார்த்தேன். ஆடி 32, வியாழன். கொட்டை எழுத்தில். எத்தனை வருடமாக ரெண்டு காலண்டரும் ஒரே வீட்டில் தொங்குகிறது, ஒரு தடவை சேர்த்துப் பார்த்தேனா?

சரவணனுக்குப் போன். அடுத்த நடை ஓணம் முடிந்துதான் என்றார். நான் 21ல் சேர வேண்டும். வேற லாரி என்றால் இரண்டு மடங்கு. 17ஐ விட்டால் வழியில்லை.

ஓனர் ஐயா திரும்பக் கூப்பிட்டு அவரே வழி சொன்னார். வியாழன் சாமான்களைத் தோட்டத்துச் சாளையில், அதாவது கொட்டகையில், இறக்கி வைப்பது, ராத்திரி அங்கேயே படுப்பது, வெள்ளிக்கிழமை விடிய வீட்டுக்குள் பால் காய்ச்சுவது. நல்ல மனுஷர். "உங்கூட்டுக்காரரும் வர்றாருங்களா? இங்க பால் வண்டிக்கு டிரைவர் தேடிட்டு இருக்கறாங்க" என்றார். வருவார் ஐயா என்று சொல்லும்போது என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாளைத் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப நீங்க ரெண்டு பேரும் மொதல்ல போங்க" என்றார். "ஆடியில லெட்டர் குடுக்க மாட்டேன். எங்கப்பா ஆடியில வேல மாறித்தான் கையில ஒண்ணும் இல்லாம நின்னாரு." பால் வண்டியைச் சொன்னேன். தாளை நீவிவிட்டு ஜீப் பக்கம் போய்விட்டார்.

ஆடியா காரணம்? ஆடி ஒரு சாக்கு. எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

சரவணன் இன்றைக்குள் சொல்லச் சொன்னார், வாழைத்தார் பேச வேண்டுமாம்.

குளிக்கிற மறைப்புக்குப் பின்னால் நின்று போன் பண்ணினேன். அரை என்று சொல்லத்தான் நினைத்தேன். "முழுசு" என்று வாயில் வந்துவிட்டது. வந்தது வந்ததுதான், மாற்றவில்லை. அட்வான்ஸும் அனுப்பிவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

கணக்கில் 'ஃபேன் 2 - 5000' என்ற வரியை அடித்துவிட்டேன்.

அப்புறம் சிரிப்பாக வந்தது. பாதி லாரி காலியாகப் போனால் ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும். இவருக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது, இவர்கூட.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

லீவு. பள்ளிக்கூடத்தில் மிட்டாய் வாங்கிக்கொண்டு தாரணி பத்து மணிக்கே வந்துவிட்டாள். நாள் முழுக்கக் கட்டு, கட்டு. பெட்டி மேலெல்லாம் எழுதுகிறாள். "அம்மா புடவை. உடையாது." "அம்மா கப். உடையும்." "கம்பளி. எதுக்கு?"

ஒரு பெட்டி மேல் "அப்பா" என்று எழுதி வைத்திருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. இவர் அதைக் கடந்து நாலு தடவை போனார். வேடிக்கை என்னவென்றால் எல்லாப் பெட்டிக்கும் கயிறு போட்டவர் இவர்தான். அசையாத கட்டு. கட்டிலைப் பிரிக்கப் போனேன். "இது இருக்கட்டும்" என்றார்.

கத்திவிட்டேன். பக்கத்து லயத்துக்கே கேட்டிருக்கும். சம்பளம் எனக்கு வரும், வீடு இருக்கு, ஒரு வருசம் நீங்க சும்மாவே இருங்க, வளைவு இல்லாத ரோட்டுல நடந்தாவது பழகுங்க என்று என்னென்னவோ. கடைசியில், மாசம் ஒருக்கா வர்ற புருஷன் எனக்கு வேண்டாம் என்றேன். இவர் வெளியே போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார்.

கோபத்தில் சொன்னதை இங்கே சரியாக எழுதி வைக்கிறேன். எனக்கு இவர் வேண்டும். தினமும்.

ஆகஸ்ட் 16, புதன்

லாரி வந்துவிட்டது!!

அப்பா, என்ன நாற்றம். திருப்பத்தில் வரும்போதே தெரிந்துவிட்டது. எருவை இறக்கிவிட்டு மூன்று மணிக்கு ஓடைப் பக்கம் நிறுத்தினார்கள். நான், தாரணி, சரவணன், ஸ்டோர்ப் பொம்பளைகள் நாலு பேர். குடம் குடமாகத் தண்ணீர், விளக்குமாறு, இரண்டு பாக்கெட் பிளீச்சிங் பவுடர். இப்போது கோழியும் ஆஸ்பத்திரியும் சேர்ந்த வாசனை. ஒருத்தி ஏலக்காய்த் தோலைக் கொண்டுவந்து தூவினாள். சிரித்துச் சிரித்து வயிறு வலி. இவர்களையெல்லாம் விட்டுப் போகிறேன் என்பது அப்போதுதான் சுருக்கென்றது. ஒரு நிமிஷம்தான். திரும்பவும் சிரிப்பு.

இவர் வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். பிரேக் எப்படி, கியர் எப்படி என்று சரவணனைக் குடைந்தார். நான் ஈர விளக்குமாற்றோடு லாரிக்கு மறுபக்கம் நின்றேன், எல்லாம் கேட்டது.

"மிச்ச எடத்துக்கு என்னய்யா ஏத்துற, வாழையா?"

"இல்லீங்ணா. அக்கா முழு லோடாப் பேசி அட்வான்சும் குடுத்துட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

செருப்புச் சத்தம், வீட்டுப் பக்கமாக. ராத்திரி சாப்பிட்டார், கை கழுவினார், படுத்தார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

எழுதுவது போடியில், டீக்கடை பெஞ்சில். சரவணன் தண்ணீர் ஊற்றுகிறார், லாரிக்கு. மலையில் ஆரம்பித்ததை முடித்துவிடுகிறேன்.

எழுந்தபோது இவர் இல்லை. ஜீப்பும் இல்லை. எப்போதும்போல ஆள் ஏற்றப் போயிருப்பார் என்று நினைத்தேன். அழக்கூடாது என்று முடிவு செய்து பெட்டிகளைத் தூக்க ஆரம்பித்தோம். ஹாலுக்கு வந்தால் காலண்டரில் ஆவணி 1, வெள்ளி.

"தாரணி, நீ கிழிச்சியா?"

"என் கைய ஒடிச்சிருவாரு. நான் தொடல."

அப்போது மணி ஏழு இருக்கும். பாத்திரமும் பெட்டியும் ஏற்றி லாரி பாதிதான் நிறைந்தது. மேலே ரோட்டில் ஜீப் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். வரவில்லை. சரவணன் கயிற்றை எடுத்துக்கொண்டு மிச்ச இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

இவர் நடந்து வந்தார். ஏலச்செடி நடுவே குறுக்குப் பாதையில், மழையில், தலையில் ஒரு துண்டு. இருபது வருடத்தில் இவர் ஆபீசிலிருந்து நடந்து வந்து நான் பார்த்ததில்லை. வலது கை சட்டைப் பைக்குப் போய்ப் போய் வந்தது. சாவி இருந்த பை.

"குடுத்துட்டேன்" என்றார். "லெட்டரும், சாவியும்."

"ஆடியாச்சே?"

"மேனேசர் மலையாளத்துக்காரருல்ல? அவுருக்கு இன்னைக்கு சிங்கம் ஒண்ணு. வாங்குறவருக்கு நல்ல நாளாயிருந்தாப் போதும்." பிறகு சரவணனைப் பார்த்து, "அந்தக் கட்டிலப் பிரிக்கணும், ஒரு கை பிடி" என்றார்.

அப்பா பெட்டி நிறைந்தது. கட்டில், அடுப்பு, இவருடைய டூல்ஸ், பழைய டயர் ஒன்று (எதற்கு என்று கேட்கவில்லை). கம்பளி ஆறும் ஏறியது. காலண்டர் இரண்டும் ஏறியது, ஒன்றாகச் சுருட்டி. தார்ப்பாய் போட்டு, கயிறு இவரே கட்டினார். முழு லோடு.

போடிமெட்டில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் இவர் கால் தானாகப் பிரேக் மிதித்தது, வெறும் தகரத்தில். சரவணனுக்குச் சிரிப்பு. கீழே வந்ததும் வெயில், சுள்ளென்று. தாரணி ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இவர் சட்டைப் பட்டனைத் திறந்துவிட்டு, துண்டால் வீசிக்கொண்டு, முன்னால் நேராகப் போகிற ரோட்டையே பார்த்தபடி கேட்டார்:

"அங்கிட்டு இதவிட வெக்கையா இருக்குமோ? போனதும் மொத வேலையா ஃபேன் மாட்டிறலாம். ரெண்டு ஃபேனுக்கு ரூவா ஒதுக்கி வச்சிருந்தியே?"

"அதுலதான் நீங்க வர்றீங்க" என்றேன்.