வெற்றுக் கைக் கணக்கு

நவ. 10, திங்கள்

விடியலில் இருந்தே மழை. பாசஞ்சர் இருபத்தைந்து நிமிடம் தாமதம். விழுப்புரத்தில் ஏறும்போதே பெட்டி முழுக்க ஈரத்துணி வாடை. கழிவறைப் பக்கம் வாயால்தான் மூச்சு விட வேண்டும். சீட்டில் யாரோ வெற்றிலை துப்பிய கறை. பேப்பர் விரித்து உட்கார்ந்தேன்.

வழக்கம்போல் ஆட்டம். எட்வினும் நானும் எதிரெதிரே, எங்கள் முழங்கால்கள் மேல் எட்வினின் ஆபீஸ் பை. அதுதான் மேஜை. பக்கத்தில் கலியமூர்த்தி அண்ணன். எட்வினும் நானும் திண்டிவனத்தில் ஒரே பொறியியல் கல்லூரியில் கணக்கு வாத்தியார்கள். அண்ணன் அங்கே ஒரு ஆபீஸில் கிளார்க். ஐந்து வருடம் ரம்மி ஆடினோம். அண்ணன் போனில் போக்கர் பழகினார். அந்த ஆப் எல்லாம் தடையானதும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்து ரயிலில் ஆரம்பித்துவிட்டார். ஆளுக்கு இரண்டு சீட்டு, பொதுவில் ஐந்து. பந்தயம் மல்லாட்டை, தோல் உரிக்காத வேர்க்கடலை.

அண்ணன் ஜெயித்ததை உடனே உடைத்துத் தின்றுவிடுகிறார். ஒருவர் இழப்பது இன்னொருவர் லாபம் என்று வகுப்பில் நடத்துவது இந்தப் பையின் மேல் செல்லாது.

என் முறை, மறக்காமல் இருக்க:
- நடுவில் கிடப்பதற்குச் சமமாகப் பந்தயம் வைத்தால் மூன்றில் ஒன்று பொய்யாக, அதாவது ஒன்றுமில்லாத கையில் வைத்ததாக, இருக்க வேண்டும். அப்போது எதிராளி ஷோ கேட்டு என் சீட்டைப் பார்த்தாலும், தன் சீட்டைக் கவிழ்த்து விலகினாலும் அவனுக்கு ஒன்றுதான்.
- நல்ல கையும் வெற்றுக் கையும் சமமாக வருகிறது என்று வைத்துக்கொண்டால், வெற்றுக் கையில் பாதிக்கு மட்டும் பொய் வைக்க வேண்டும்.
- எந்தப் பாதி என்று நான் முடிவு செய்யக் கூடாது. மனிதன் தானாக முடிவு செய்தால் ஒரு ஒழுங்கில்தான் பொய் சொல்வான், கண்டுபிடித்துவிடுவார்கள். கைக்கடிகார விநாடி முள் முப்பதுக்குள் இருந்தால் பொய். தாண்டினால் கவிழ்த்துவிடுவது.

புத்தகப்படி இதில் ஓட்டையே கிடையாது. எட்டு வாரமாகத் தோற்கிறேன். இன்று மயிலம் வருவதற்குள் நாற்பது காலி. கடைசியாக வாயில் போட்டது சொத்தை. கசப்பு மதியம் வரை போகவில்லை.

குடை ரிப்பேர். தேர்வுத்தாள் கட்டு இரண்டு பாக்கி.

நவ. 11, செவ்வாய்

மழை விட்டது, புழுக்கம். தாளாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பேசும்போது கார் சாவியால் காது குடைவார், குடைந்ததை எடுத்துப் பார்ப்பார், பிறகு அதே விரலால் நம் ஃபைலைப் புரட்டுவார். இன்றும் அப்படியே.

விஷயம். சேர்க்கை குறைந்துவிட்டது. அடுத்த பருவத்தில் இருந்து கணக்குக்கு ஒரு ஆள் போதும். இன்னொருவர் செஞ்சிப் பக்கம் வல்லத்துக்கு அப்பால் இருக்கும் அவர்களுடைய பாலிடெக்னிக்குக்குப் போகலாம், ஏறக்குறைய பாதிச் சம்பளத்தில். யார் என்று நிர்வாகம் சொல்லாது. ஆளுக்கு ஒரு தாள். வல்லம் போகச் சம்மதம் அல்லது சம்மதமில்லை, இரண்டில் ஒன்றை எழுதி, கவரில் ஒட்டி, வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

- ஒருவர் சம்மதம், மற்றவர் இல்லை: சம்மதித்தவர் வல்லம். மற்றவர் இங்கேயே.
- இருவரும் சம்மதம்: சீட்டுக் குலுக்கல்.
- இருவரும் இல்லை: இருவருக்கும் வேலை இல்லை. புதிதாக ஒரு ஆளைக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள்.

'பெருந்தன்மைக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கறேன்' என்றார். சாவி காதில்.

எட்வினும் நானும் வெளியே வந்தோம். அவர் தண்ணீர் குடித்தார். நான் நோட்டீஸ் போர்டு படித்தேன். ஹாஸ்டல் மெஸ் டெண்டர்.

மாலை ரயிலில் ஆட்டம் இல்லை. எட்வின் தலைவலி என்றார். அண்ணன் மட்டும் தின்றுகொண்டு வந்தார்.

நவ. 12, புதன்

காலையில் முதல் மணிநேரம் வகுப்பு இல்லை. தாளாளரின் நிபந்தனையை ஒரு ஆட்டமாக வைத்து, எந்த முடிவுக்கு எவ்வளவு மதிப்பு என்று கட்டம் போட்டேன்.

இங்கேயே இருந்தால் 10. வல்லம் 4. இருவரும் சம்மதித்தால் குலுக்கல், சராசரி 7. இருவரும் மறுத்தால் 0.

விடை: ஒவ்வொருவரும் ஏழில் மூன்று வாய்ப்பில் மறுக்க வேண்டும். அப்படி ஆடினால் இருவரும் தெருவுக்கு வரும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. கணக்கு அழகாகத்தான் வந்தது. 0 என்று போட்ட இடத்தில் எட்வினின் மகள் உட்கார்ந்திருக்கிறாள், மூன்றாம் வகுப்பு. போன மாதம் என் பேனாவை வாங்கிப் படம் வரைந்தவள். அந்த 0-வைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் அடித்துவிடவில்லை, விடை மாறிவிடுமே.

இதில் சிறந்த ஆட்டம் வேறு. நான் எப்படியும் மறுக்கத்தான் போகிறேன் என்று எதிராளியை முன்கூட்டியே நம்ப வைத்துவிட்டால் அவனுக்கு வேறு வழியில்லை. சம்மதித்தே ஆக வேண்டும். அதற்கு எனக்கு வேலை போனாலும் கவலையில்லை என்று அவன் நம்ப வேண்டும்.

எட்வினை எதிராளி என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.

மதியம் கேன்டீன். வடை நேற்றைய எண்ணெயில், தொட்டால் விரல் பிசுபிசுத்தது. எட்வின் எதிரே. அவர் மனைவி டிபன் பாக்ஸில் வைத்த எலுமிச்சைச் சாதத்தில் பாதியை எப்போதும்போல் என் தட்டுக்குத் தள்ளினார். பொய் சொல்வதா வேண்டாமா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. முள்ளைப் பார்த்தேன். பன்னிரண்டு.

சொன்னேன். சென்னையில் ஒரு கோச்சிங் சென்டரில் கூப்பிடுகிறார்கள், ஜனவரியில் சேரலாம், அதனால் இங்கே சம்மதமில்லை என்றுதான் எழுதப்போகிறேன், நடப்பது நடக்கட்டும். அப்படி எந்த சென்டரும் இல்லை.

எட்வின் டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தினார். 'நல்லதுங்க சார்' என்றார். மீதிச் சாதத்தையும் என் தட்டிலேயே வைத்தார். தின்றேன்.

வீட்டில் மனைவி மீனாவிடம் தாளாளரின் நிபந்தனையை மட்டும் சொன்னேன். எட்வினோடு உட்கார்ந்து பேசினீர்களா என்று கேட்டாள். பேசினேன் என்றேன்.

நவ. 13, வியாழன்

எட்வின் லீவு. மகளுக்குக் காய்ச்சல் என்று அண்ணனுக்குப் போன் செய்தாராம். எனக்குச் செய்யவில்லை.

இருவர் மட்டும் ஆடினோம். பேரணி ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸுக்காக எங்கள் வண்டியை ஒதுக்கிப் போட்டார்கள். எனக்கு வெற்றுக் கை. முள் ஏழு. பந்தயம் வைத்தேன். அண்ணன் யோசிக்கவே இல்லை, ஷோ கேட்டார். அடுத்ததும் அதேபோல். எப்படி என்று கேட்டேன். முதலில் சிரித்து மழுப்பினார். நான் விடவில்லை.

'சொன்னா வருத்தப்படக் கூடாது சார். வெறுஞ்சீட்டு வந்தா மட்டும் நீங்க வாட்ச்ச பாக்கறீங்க. நல்ல சீட்டு வந்தா டைமே பாக்கறதில்ல. எட்வின் தம்பிதான் மொதல்ல கண்டுபுடிச்சுது. ரெண்டு மாசமா எங்களுக்குத் தெரியும்.'

ரெண்டு மாசமா! என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மல்லாட்டைதானே சார் என்றார். சார் சந்தோஷமாகக் கணக்குப் போட்டு ஆடிக்கொண்டிருக்கிறார், அதைக் கெடுக்க வேண்டாம் என்று எட்வின் சொல்லிவிட்டாராம்.

நல்ல கை வந்தாலும் முள்ளைப் பார்த்துவிட்டு ஆடியிருந்தால் தெரிந்திருக்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தோன்றும் விஷயம். பதினெட்டு வருடம் நிகழ்தகவு நடத்துகிறேன், வெட்கக்கேடு.

பிறகுதான் உறைத்தது. நேற்று கேன்டீனில், அதே எட்வின் எதிரில், முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

அப்படியானால் என் கை வெற்று என்று அவருக்குத் தெரியும். எனக்குப் போக இடமில்லை, பயந்து கடைசியில் சம்மதம்தான் எழுதுவேன் என்று கணக்குப் போடுவார். ஆகவே அவர் மறுப்பார். அவர் மறுத்தால் நான் சம்மதிப்பதுதான் புத்திசாலித்தனம். 0-க்கு 4 மேல்.

இதை எழுதும்போது வாயில் எச்சில் புளிக்கிறது.

வெந்நீர் பிளாஸ்க் மூடி தொலைந்தது.

நவ. 14, வெள்ளி

வெயில். குழந்தைகள் தினம், ரயில் முழுக்க ஸ்கூல் பிள்ளைகள் தலையில் காகிதக் கிரீடம். எட்வின் வந்தார். மகளுக்குக் குறைந்துவிட்டதாம். சீட்டுக் கட்டை யாரும் எடுக்கவில்லை.

பதினொரு மணிக்குக் கவர். ஆபீஸ் ரூமில் தனித்தனி மேஜை, பரீட்சை மாதிரி. கண்காணிப்பாளர் வேலைக்கு லைப்ரரியன்.

சம்மதம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கணக்கு அதைத்தான் சொன்னது. பேனாவைத் திறந்ததும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட், செஞ்சி, அங்கே இன்னொரு பஸ், பாதிச் சம்பளம், என்னைவிட ஒன்பது வயது சின்னவர் என் ரூமில் என் நாற்காலியில், எல்லாம் வந்தது. ரெண்டு மாசம் மனதுக்குள் சிரித்திருப்பான் என்பதும் வந்தது. சம்மதமில்லை என்று எழுதினேன். அவரும் அதையே எழுதியிருந்தால் இரண்டு குடும்பமும் போச்சு என்று தெரிந்தே எழுதினேன். இதில் கணக்கு ஒன்றும் இல்லை. வெறும் கெட்ட புத்தி.

கவர் ஓரத்தை நக்கி ஒட்டினேன். பசை ருசி.

நவ. 16, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. இன்றும் ஒன்றும் இல்லை. மீன் வாங்கினோம், நாறிய மீன். கழுவிப் பார்த்துவிட்டு மீனா கொட்டிவிட்டாள். எட்வினுக்குப் போன் செய்ய மூன்று முறை எடுத்தேன். என்ன சொல்வது? தேர்வுத்தாள் ஒரு கட்டு முடித்தேன். ஒரு பையன் எல்லாக் கேள்விக்கும் சூத்திரம் மட்டும் எழுதியிருக்கிறான். மார்க் போட்டேன்.

நவ. 17, திங்கள்

பத்து மணிக்குக் கவர் பிரித்தார்கள். எட்வின்: சம்மதம். நான்: சம்மதமில்லை.

தாளாளர் எட்வினுக்குக் கை கொடுத்தார். பிறகு எனக்கும், அதே கையால். நான் பாத்ரூமுக்குப் போய் சோப்பு போட்டுக் கழுவினேன். முகத்தையும் கழுவினேன். வேலை தங்கிவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷமாகவும் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

மாலையில் பிளாட்பாரத்தில் எட்வினைப் பிடித்தேன். சென்னை விஷயம் பொய் என்று தெரியுமா என்று கேட்டேன்.

'தெரியும் சார்.'

அப்புறம் ஏன் சம்மதம் எழுதினீங்க என்றேன்.

'நீங்க சம்மதமில்லைன்னுதான் எழுதுவீங்கன்னும் தெரியும். நானும் அதையே எழுதிட்டு ரெண்டு பேரும் வீட்ல குந்திக்கினு இன்னா பண்றது?' சொல்லிவிட்டு, நான் நின்ற நிலையைப் பார்த்து, 'வல்லம் எங்க ஊருக்குப் பக்கம்தான் சார். அப்பாவையும் அப்பப்போ பாத்துக்கினா மாதிரி இருக்கும்' என்றார்.

அவருடைய ஊர் மண்டகப்பட்டு. அவர் அப்பா அங்கே இன்னும் அறுப்புக்குப் போகிறார். வல்லம் அங்கிருந்து செஞ்சியைத் தாண்டி வேறு ரோடு. பக்கமே இல்லை. அவரும் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் ஷோ கேட்கவில்லை. நல்லது எட்வின் என்றேன். அன்றைய சாதத்தைப் போல இதையும் என் தட்டில் வைத்தார், இதையும் தின்றுவிட்டேன்.

என்னை அவர் படித்த அளவுக்கு நான் அவரைப் படிக்கவில்லை. என் கட்டத்தில் அப்படி ஒரு ஆளுக்கு இடமே இல்லை.

நவ. 18, செவ்வாய்

தூறல். ரயிலில் வேறு பெட்டியில் ஏறினேன்.

தாளாளர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், இதுவரை சொன்னதில்லை. காபி வந்தது, மேலே ஆடை. ரொம்பத் திருப்தி என்றார். சண்டை இல்லை, சிபாரிசு இல்லை, யூனியன் பேச்சு இல்லை, ஒரே வாரத்தில் முடிந்தது.

'உங்க ஐடியாதான் சார் இது. ரெண்டு வருஷம் முன்ன செமினார்ல சொன்னீங்களே, ஒத்தைப் பாலத்துல எதிரெதிரா ரெண்டு லாரி, எவன் ஒதுங்கறான்னு. முன் வரிசையில உக்காந்து கேட்டுக்கினு இருந்தேன். ஃபிசிக்ஸ்லயும் ரெண்டு பேர் இருக்காங்க. நீங்களே ஒரு ஃபாரம் ரெடி பண்ணிக் குடுங்க.'

அந்த செமினார் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கைதட்டினார்கள். ஸ்லைடில் லாரிப் படத்தைத் தேடிப் போட்டுக் கொடுத்தது எட்வின்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். காபியைக் குடித்துவிட்டு, சரிங்க சார் என்றேன். ரூமுக்கு வந்து உடனே உட்கார்ந்தேன், ஒத்திப்போட்டால் செய்ய மாட்டேனோ என்று. பாதியில் வேலையில் ஆர்வம்கூட வந்துவிட்டது. இரண்டு கட்டம், ஒரு கையெழுத்து, தேதி. கீழே ஒரு விதியை நானாகச் சேர்த்தேன், அவர் கேட்கவில்லை. கவர் கொடுக்கும் வரை இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, சேர்ந்து சாப்பிடக் கூடாது. சேர்ந்து சாப்பிட்டால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துவிடுகிறார், கணக்கு கெட்டுவிடுகிறது.

தாளாளர் படித்தார். கடைசி வரி பிரமாதம் என்றார்.